ஆல்ட்-கன்ட்ரி கேட்கத் தொடங்குபவருக்கு: எதில் ஆரம்பிப்பது, எதை வாங்குவது, என்ன செலவாகும்

அமெரிக்க ஆல்ட்-கன்ட்ரி, அதை ஒட்டிய இண்டி ராக் ஆல்பங்களுக்கு இணையத்தில் பட்டியல் பஞ்சமே இல்லை. ஐம்பது ஆல்பம், நூறு ஆல்பம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். எதை முதலில் கேட்பது, எதை ஆறு மாதம் தள்ளி வைப்பது, ஒரே ஆல்பத்துக்கு நான்கு பதிப்பு இருந்தால் எதை வாங்குவது, அது நம் வீட்டு வாசலுக்கு வர மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். ஆல்ட்-கன்ட்ரி என்றால், எலெக்ட்ரிக் கிடார் ராக்கோடு பெடல் ஸ்டீல் (கிடையாக வைத்து வாசிக்கும் கிடார்), ஃபிடில், பேஞ்சோ சேர்ந்து ஒலிக்கும், நிதானமாகக் கதை சொல்லும் பாட்டுகள் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வந்த கதை, யார் யாருக்கு முன்னோடி என்பதெல்லாம் இங்கே கிடையாது.

பாதிக் கட்டுரை கேட்பது பற்றி, மீதி வாங்குவது பற்றி. வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் 6ஆம் படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1. முதல் மாதம் பைசா செலவழிக்காதீர்கள்

கையில் இருக்கும் ஸ்ட்ரீமிங் சந்தாவோ யூட்யூபோ போதும். கீழே சொல்லப்போகும் ஆல்பங்கள் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும். மூன்று விஷயங்களை மட்டும் சரிசெய்யுங்கள்.

ஷஃபிளை அணையுங்கள். இந்த ஆல்பங்களில் பாட்டு வரிசை யோசித்துப் போடப்பட்டது. ஆல்பம் முடிந்ததும் செயலி தானாக வேறு எதையோ ஓட்டுவதையும் நிறுத்திவிடுங்கள்.

முதல் தடவை கேட்கும்போது பாடல் வரிகளைத் திறக்காதீர்கள். அமெரிக்கத் தெற்கு மாநில உச்சரிப்பு முதலில் பிடிபடாது, பரவாயில்லை. இரண்டாம் தடவை வரிகளோடு கேளுங்கள். முதல் தடவையே அகராதியும் கையுமாக உட்கார்ந்தால் பாடம் படிப்பது போல ஆகிவிடும், மூன்றாம் பாட்டிலேயே எழுந்துவிடுவீர்கள்.

அமெரிக்க வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஊர்ப் பெயர்கள் இல்லாமல் இந்தப் பாட்டுகள் இல்லை. லூசியானாவும் இல்லினாயும் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரியாமல் கேட்டால் பாதி நழுவிவிடும்.

நேரக் கணக்கு: ஓர் ஆல்பம் 40 முதல் 55 நிமிடம். வாரத்துக்கு ஒன்று, அதையே மூன்று நான்கு தடவை. அதற்கு மேல் வேண்டாம்.

2. முதல் ஆல்பம்: வாக்ஸஹாச்சியின் ‘செயின்ட் க்ளவுட்’

பட்டியல்கள் 1990இலிருந்து தொடங்கச் சொல்லும். நான் 2020இலிருந்து தொடங்கச் சொல்கிறேன். காரணம், பதிவின் தெளிவு. கேட்டி க்ரட்ச்ஃபீல்ட் வாக்ஸஹாச்சி என்ற பெயரில் பாடுகிறார், அலபாமாவில் உள்ள ஓர் ஓடையின் பெயர் அது. தயாரிப்பு பிராட் குக், வெளியீடு மெர்ஜ் ரெக்கார்ட்ஸ், 11 பாட்டு, சுமார் 40 நிமிடம். ஒரு சொல்கூட இசைக்குள் அமுங்காது. கிடார் இரண்டு, டிரம்ஸ், நடுவில் அந்தக் குரல். ‘ஃபயர்’ என்ற பாட்டில் குரல் மேலே ஏறும் இடத்தைக் கவனியுங்கள். மிசிசிப்பி ஆற்றைக் காரில் கடந்து வெஸ்ட் மெம்ஃபிஸுக்குள் நுழையும்போது பிறந்த பாட்டு அது. வரைபடம் என்று சொன்னேனே, இதற்குத்தான்.

பெயரின் எழுத்துக்கூட்டு சிக்கலானது, தேடல் பெட்டியில் ஆல்பத் தலைப்பைப் போட்டால் எளிதாகக் கிடைக்கும். இது பிடித்துவிட்டால் 2024இல் வந்த ‘டைகர்ஸ் பிளட்’டையும் கேட்டுவிடுங்கள். ‘ரைட் பேக் டு இட்’ பாட்டில் கூடவே பாடும் ஆண்குரல் எம்.ஜே. லெண்டர்மேன், அவரிடம் பிறகு வருவோம்.

‘செயின்ட் க்ளவுட்’ இரண்டு வாரத்திலும் ஒட்டவில்லையா? அப்படியானால் இந்த வகை உங்களுக்கு இல்லாமலும் இருக்கலாம். செலவு ஏதுமில்லாமல் தெரிந்துகொண்டீர்கள், லாபம்தான்.

3. அடுத்து ‘ட்ரேஸ்’, அதன் பிறகே ‘அனொடைன்’

செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து மிசிசிப்பி ஆற்றைத் தாண்டினால் இல்லினாய் மாநிலத்தின் பெல்வில். அந்த ஊர்ப் பையன்கள் ஜே ஃபேரர், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடோர்ன் மூவரும் தொடங்கிய குழு அங்கிள் டுபெலோ. 1994 மே 1 அன்று செயின்ட் லூயிஸில் கடைசிக் கச்சேரி. ஃபேரர் சன் வோல்ட்டைத் தொடங்கினார், ட்வீடியும் கடைசியில் குழுவில் இருந்த மற்றவர்களும் வில்கோ ஆனார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

சன் வோல்ட்டின் முதல் ஆல்பம் ‘ட்ரேஸ்’ (1995). முதல் பாட்டு ‘விண்ட்ஃபால்’. இரவு நேரம், கார், லூசியானாவிலிருந்து மெல்லியதாக வரும் ஏ.எம். ரேடியோ. அக்கூஸ்டிக் கிடார் தொடங்க, ஃபிடிலும் ஸ்டீல் கிடாரும் சேர்ந்துகொள்ள, ஃபேரரின் குரல் எந்த அவசரமும் இல்லாமல் வரும். பெடல் ஸ்டீல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் விதம், கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்குப் புதிதாகவே தோன்றாது. இரண்டாம் பாட்டு வேறு மாதிரி, கிடார் உறுமும். இந்த மெல்லிசையும் உறுமலும் மாறி மாறி வருவதுதான் இந்த வகையின் அடிப்படை. ‘ட்ரேஸ்’ பழகிவிட்டால் மற்றதெல்லாம் பழகிவிடும். கடைசிப் பாட்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ரான் வுட் எழுதியது.

‘அனொடைன்’ (1993) அங்கிள் டுபெலோவின் கடைசி ஆல்பம். டெக்சஸின் ஆஸ்டினில் எல்லோரும் ஒன்றாக வாசித்து நேரடியாகப் பதிவு செய்தது. ஒரு பாட்டு ஃபேரர், ஒரு பாட்டு ட்வீடி என்று மாறி மாறி வரும். ‘ட்ரேஸ்’ கேட்டுவிட்டு வந்தால் எந்தக் குரல் யாருடையது என்று உடனே தெரியும், பிரியப்போகும் இருவரை ஒரே அறையில் கேட்கிறீர்கள். அதனால்தான் வரிசையைத் திருப்பிச் சொல்கிறேன்.

அவர்களின் முதல் ஆல்பம் ‘நோ டிப்ரெஷன்’ (1990) எல்லாப் பட்டியலிலும் முதலிடத்தில் இருக்கும். ஓர் இதழுக்கே அந்தப் பெயர்தான் வைத்தார்கள். ஆனால் புதியவருக்கு அது கரடுமுரடு, பிறகு வாருங்கள். அதற்கு முன் ‘மார்ச் 16–20, 1992’ கேட்கலாம். தலைப்பில் உள்ள ஐந்து நாளில் ஜார்ஜியாவின் ஏதென்ஸில் பதிவானது, தயாரிப்பு ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக். ஏறத்தாழ முழுக்க அக்கூஸ்டிக்.

4. வில்கோவுக்குள் நுழையும் வாசல்

புதியவர்கள் அதிகம் இடறி விழும் இடம் இது. ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ (2002) பேரும் புகழும் பெற்றது என்று நேரே அதில் குதிப்பார்கள். முதல் பாட்டு ஏழு நிமிடம், இரைச்சலும் மணியோசையும் தடுமாறும் டிரம்ஸுமாகத் தொடங்கும். ‘இது என்ன கன்ட்ரி?’ என்று மூடிவிடுவார்கள்.

என் வரிசை: ‘பீயிங் தேர்’ (1996), ‘சம்மர்டீத்’ (1999), அதற்கப்புறம் ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’. முதலாவது 19 பாட்டு, இரண்டு தட்டு, சுமார் 77 நிமிடம். ஒரே மூச்சில் கேட்காதீர்கள், இன்று ஒரு தட்டு, நாளை ஒரு தட்டு. ‘சம்மர்டீத்’ மேலே இனிப்பு, வரிகளைப் படித்தால் உள்ளே கசப்பு. இந்த இரண்டின் வழியாகப் போனால் மூன்றாவதன் இரைச்சலுக்கு அடியில் நல்ல எளிய பாட்டுகள் படுத்திருப்பது தெரியும். அந்த ஆல்பத்தை வெளியிட ரிப்ரைஸ் நிறுவனம் மறுத்தது. 2001 செப்டம்பரில் குழுவே தன் இணையதளத்தில் இலவசமாகக் கேட்க வைத்தது. அடுத்த ஏப்ரலில் நான்சச் வெளியிட்டது. ரிப்ரைஸும் நான்சச்சும் வார்னர் என்ற ஒரே பெரிய இசை நிறுவனத்தின் பிள்ளைகள். ஒரே ஆல்பத்துக்கு ஒரே வீட்டுக்காரர் இரண்டு தடவை காசு கொடுத்த கதை!

எச்சரிக்கை: ‘எ கோஸ்ட் இஸ் பார்ன்’ (2004) ஆல்பத்தில் ‘லெஸ் தேன் யூ திங்க்’ என்ற பாட்டு 15 நிமிடம், அதில் பெரும்பகுதி வெறும் ரீங்காரம். உங்கள் ஸ்பீக்கர் கெட்டுவிடவில்லை, அது அப்படித்தான். தாண்டிப் போனால் யாரும் கேட்கப் போவதில்லை.

ஆங்கிலேயப் பாடகர் பில்லி பிராகுடன் வில்கோ சேர்ந்து செய்த ‘மெர்மெய்ட் அவென்யூ’ (1998) தனி ரகம். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி எழுதி மெட்டுப் போடாமல் விட்டுப்போன வரிகளுக்கு அவர் மகள் நோரா கத்ரி கேட்டுக்கொண்டதால் இவர்கள் மெட்டமைத்தார்கள். வீட்டில் இந்த வகை பிடிக்காதவர்கள் இருக்கும்போது போட ஏற்ற ஆல்பம்.

5. அவசரப்படாமல் கேட்க வேண்டிய இரண்டு

இந்தக் கட்டுரையில் இரண்டே ஆல்பங்களுக்குத்தான் இடம் என்றால் நான் இவற்றைத்தான் வைப்பேன்.

லூசிண்டா வில்லியம்ஸின் ‘கார் வீல்ஸ் ஆன் எ க்ராவல் ரோட்’ (1998). பல வருடம் இழுத்த பதிவு, தயாரிப்பாளர்கள் மாறினார்கள், திரும்பத் திரும்பப் பாடினார். கேட்கும்போது அந்த இழுபறியின் சுவடே இருக்காது. தலைப்புப் பாட்டைக் கவனியுங்கள். ஒரு சின்னக் குழந்தை. சமையலறையில் காப்பி, முட்டை வாசனை, ரேடியோவில் கன்ட்ரி பாடகி லொரெட்டா லின். பெரியவர்கள் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். மூட்டை கட்டிக் காரில் ஏற்றுகிறார்கள், பின்சீட்டில் உட்கார வைக்கிறார்கள், சரளைக்கல் சாலையில் சக்கரம் உருளும் சத்தம். என்ன நடந்தது என்று பாட்டு சொல்லவே இல்லை, குழந்தைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லூசிண்டாவின் அப்பா மில்லர் வில்லியம்ஸ் கவிஞர், 1997இல் பில் க்ளிண்டன் இரண்டாம் முறை பதவியேற்றபோது கவிதை வாசித்தவர். இந்தப் பாட்டை முதலில் கேட்டதும் மகளிடம் வந்து மன்னிப்புக் கேட்டார் என்று லூசிண்டாவே சொல்லியிருக்கிறார். தனக்கு உறைக்காதது அவருக்கு உடனே உறைத்ததாம், அந்தப் பின்சீட்டுக் குழந்தை தன் மகள்தான் என்று.

வரைபடத்தை எடுங்கள். ‘லேக் சார்ல்ஸ்’ லூசியானாவில், ‘ஜாக்சன்’, ‘க்ரீன்வில்’ இரண்டும் மிசிசிப்பியில். பாட்டுத் தலைப்புகளை வைத்தே ஒரு பயணப்பாதை போடலாம்.

வாங்குவதானால் 2006இன் டீலக்ஸ் சி.டி.யைப் பாருங்கள். இரண்டாம் தட்டில் ஒரு முழுக் கச்சேரி இருக்கிறது. மறுபதிப்புகளில் கூடுதல் சரக்குக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் வீண் என்பது என் கட்சி. இது விதிவிலக்கு.

கில்லியன் வெல்ச்சின் ‘டைம் (தி ரெவலேட்டர்)’ (2001). நாஷ்வில்லின் ஆர்.சி.ஏ. ஸ்டூடியோ பி-யில் இரண்டே பேர், வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ராலிங்ஸ் கையில் இருப்பது 1935ஆம் ஆண்டின் எபிஃபோன் ஒலிம்பிக், அந்தக் காலத்தில் மலிவு ரகக் கிடார். இன்று அதன் விலை ஏறியதற்கு இவரும் ஒரு காரணம். கடைசிப் பாட்டு ‘ஐ ட்ரீம் எ ஹைவே’ 14 நிமிடத்துக்கு மேல். வேகம் கூடாது, குறையாது. பேருந்தில், சமையலுக்கு நடுவில் என்று கேட்டால் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டாம் குரல் முதல் குரலோடு எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்பதிலேயே முழு நாடகமும் இருக்கிறது. ‘எவ்ரிதிங் இஸ் ஃப்ரீ’ பாட்டு, இணையத்தில் இசை இலவசமாகப் போனபோது எழுதியது. அதை இலவசமாகக் கேட்கும்போது கொஞ்சம் உறுத்தும், நல்லதுதான்.

இது பிடித்தால் கௌபாய் ஜங்கீஸின் ‘தி ட்ரினிட்டி செஷன்’ (1988) தானாகப் பிடிக்கும். டொரொண்டோவில் ஒரு தேவாலயத்தில், 1987 நவம்பரில் ஒரே நாளில், ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்து பதிந்தது. ஒலி தாழ்வாக இருக்கிறதே என்று வால்யூமை முழுக்க ஏற்றி வைத்துவிட்டு அடுத்த ஆல்பத்துக்குப் போகாதீர்கள், காது போய்விடும்.

6. மூன்றாம் மாதத்துக்கு

‘சாங்ஸ்: ஒஹாயா’ என்ற குழுவின் ‘தி மக்னோலியா எலெக்ட்ரிக் கோ.’ (2003). பாடகர் ஜேசன் மொலினா, பதிவு சிகாகோவில் ஸ்டீவ் ஆல்பினி. இரண்டு இடத்தில் குழம்புவீர்கள். முதலாவது பெயர்: இந்த ஆல்பத்தின் தலைப்பையே மொலினா அடுத்த குழுவுக்குப் பெயராக வைத்துவிட்டார். ஆகவே தேடும்போது அதே பெயரில் குழு ஒன்றும் ஆல்பம் ஒன்றும் வரும். உங்களுக்கு வேண்டியது ‘ஃபேர்வெல் ட்ரான்ஸ்மிஷன்’ என்று தொடங்கும் எட்டுப் பாட்டு ஆல்பம். இரண்டாவது குரல்: நடுவில் இரண்டு பாட்டை வேறு ஆட்கள் பாடுகிறார்கள், ஒருவர் லாரன்ஸ் பீட்டர்ஸ், மற்றவர் ஸ்கௌட் நிப்லெட். செயலி வேறு ஆல்பத்துக்குத் தாவிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மொலினா 2013இல் 39 வயதில் இறந்தார். முதல் பாட்டின் முடிவில் ‘கேள், கேள்’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டால் அந்த ஆளை மறக்க முடியாது.

ட்ரைவ்-பை ட்ரக்கர்ஸ் குழுவுக்கு ‘சதர்ன் ராக் ஓபரா’ (2001) வழியாகப் போகச் சொல்வார்கள். ஒன்றரை மணி நேரம், லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். வேண்டாம். ‘டெகரேஷன் டே’ (2003) போதும். அதில் ‘அவுட்ஃபிட்’ என்று ஒரு பாட்டு, அப்பா மகனுக்குச் சொல்லும் புத்திமதி. எழுதியவர் அப்போது இருபத்து சொச்சம் வயதான ஜேசன் இஸ்பெல். அவருடைய தனி ஆல்பம் ‘சவுத்ஈஸ்டர்ன்’ (2013) பிறகு. ‘எலிஃபண்ட்’ பாட்டு புற்றுநோயாளி ஒருவரைப் பற்றியது. வீட்டில் அந்த நோயைப் பார்த்தவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேளுங்கள்.

பாடகர் வில் ஓல்டமைத் தேடினால் தலை சுற்றும். பேலஸ் பிரதர்ஸ், பேலஸ் மியூசிக், பானி ‘பிரின்ஸ்’ பில்லி எல்லாம் அவர்தான். ‘ஐ சீ எ டார்க்னெஸ்’ (1999) ஒன்றைப் பிடியுங்கள்.

இண்டி ராக் பக்கம் சாய்பவர்களுக்கு: சில்வர் ஜூஸின் ‘அமெரிக்கன் வாட்டர்’ (1998), வெட்னஸ்டே குழுவின் ‘ராட் சா காட்’ (2023), அந்தக் குழுவில் கிடார் வாசித்த லெண்டர்மேனின் ‘போட் சாங்ஸ்’ (2022), ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ (2024). வட கரோலினாவின் ஆஷ்வில் பக்கத்து ஆட்கள், கிடார் இரைச்சலுக்கு நடுவில் பெடல் ஸ்டீல். பிக் தீஃபின் 2022 இரட்டை ஆல்பத்துக்கு 20 பாட்டு, நீளமான தலைப்பு, ஆனால் ஒன்றுகூட வீணில்லை.

7. வாங்கலாம் என்று முடிவு செய்தால்: எந்த வடிவம்?

டிஜிட்டல்: பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் ஓர் ஆல்பம் பொதுவாக 8 முதல் 12 டாலர். எம்.பி.3 மட்டுமில்லை, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வடிவிலும் இறக்கிக்கொள்ளலாம். சுங்கம் இல்லை, தபால் இல்லை, காசு பெருமளவு கலைஞருக்கே போகிறது. டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது வழக்கமாக 15 சதவீதம். பேண்ட்கேம்ப் வெள்ளி என்று அறிவிக்கும் நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த நாள் அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி. நமக்கு வெள்ளி மதியம் 12.30க்கு (அவர்களின் குளிர்காலத்தில் 1.30க்கு) தொடங்கி சனி அதே நேரம் முடியும். வெள்ளி காலையில் அவசரப்பட்டு வாங்கினால் சாதாரண நாள் கணக்குத்தான். மெர்ஜ், சீக்ரெட்லி கனேடியன் போன்ற சின்ன நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. சோனி, வார்னர் கைவசம் உள்ளவற்றை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

சி.டி.: யாரும் சொல்லாத யோசனை, ஆனால் இந்த வகைக்கு இதுதான் பொருத்தம். தொண்ணூறுகளின் ஆல்பங்கள் சி.டி.க்காகவே செய்யப்பட்டவை. பழைய சி.டி. வெளிநாட்டில் சில டாலருக்குக் கிடைக்கும், எடை குறைவு, உடையாது. பெட்டியின் ஓரத்தில் ரம்பத்தால் அறுத்த மாதிரி வெட்டு இருந்தால் பயப்படாதீர்கள், விற்காமல் கழித்துக்கட்டிய சரக்கு என்ற அடையாளம் அது. ஒலிக்கு ஒன்றுமில்லை.

எல்.பி. (வினைல் தட்டு): புதுத் தட்டு 22 முதல் 35 டாலர். இரட்டைத் தட்டு இன்னும் கூட. தபால் செலவு பல சமயம் தட்டின் விலையைத் தொட்டுவிடும். உண்மையாகவே திரும்பத் திரும்பக் கேட்கும் ஆல்பத்துக்கு மட்டும் வாங்குங்கள். பேண்ட்கேம்பில் தட்டு வாங்கினால் பெரும்பாலும் டிஜிட்டல் கோப்பும் சேர்ந்தே வரும், அதற்குத் தனியாகக் காசு கட்டிவிடாதீர்கள்.

பெட்டிப் பதிப்புகள்: ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’டுக்கு 2022இல் வந்த பெரிய பெட்டி 8 சி.டி. புதியவருக்கு ஒரு சி.டி. போதும்.

8. அட்டை, பெயர், சுங்கம்

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்தே இருக்கும். 2020 மார்ச்சிலிருந்து புதிதாகத் தரும் அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதி அது. வங்கிச் செயலியில் திறந்து, சிறிய வரம்பு வைத்து, வாங்கி முடித்ததும் மூடுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் சில ஓ.டி.பி. கேட்காமலே காசை எடுத்துவிடலாம், அதனால்தான் வரம்பு. டாலர் விலையை ரூபாயாக்கும்போது வங்கி தன் பங்குக்குச் சதவீதக் கணக்கில் ஒரு கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போடும். கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை, இனிஷியல். ஆதாரில் ‘எஸ். முருகன்’ என்று இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக நீண்டிருக்கும், வாங்கும் தளத்தில் முன்பெயர், பின்பெயர் என்று இரண்டு கட்டம். கூரியரில் வரும் பார்சலுக்கு உங்களிடம் கே.ஒய்.சி. கேட்பார்கள். ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்றவற்றில் எதைக் கொடுக்கப் போகிறீர்களோ அதில் உள்ள பெயரையும் முகவரியையும் அப்படியே ஆர்டரில் போடுங்கள். எழுத்து மாறினால் பார்சல் அங்கேயே உட்காரும். கே.ஒய்.சி. கேட்டு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வந்தால் அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல், கூரியர் நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய் பார்சல் எண்ணைப் போட்டு ஏற்றுங்கள். இந்தப் பெயரில் மோசடிச் செய்திகள் நிறைய உலவுகின்றன.

சுங்கம்: சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ கூரியரிலோ வருபவை சுங்கப் பட்டியலில் 9804 என்ற தலைப்பில் வரும். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது, வாங்கும் நாளில் சுங்கத்துறை தளத்தில் பாருங்கள். தட்டின் விலைக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள், தபால் செலவையும் கூட்டித்தான் போடுவார்கள். அதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) உண்டு. கூரியர் என்றால் அவர்களின் சேவைக் கட்டணமும் உண்டு. தபாலில் வந்தால் வரியைத் தபால்காரரிடமே கட்டி வாங்கிக்கொள்ளலாம், நிதானமாக வரும். ஆகவே தளத்தில் காட்டும் விலையை இரண்டால் பெருக்கி, அந்தத் தொகைக்கு மனம் ஒப்பினால் மட்டும் ஆர்டர் போடுங்கள். இந்தியாவில் இறக்குமதி செய்து விற்கும் கடைகளின் விலை அதிகம் போலத் தெரிந்தாலும் இந்தக் கணக்குக்குப் பிறகு ஒப்பிடுங்கள், பல சமயம் அவர்களே மலிவு.

விற்பவரிடம் ‘பரிசு என்று எழுதுங்கள்’, ‘விலையைக் குறைத்துப் போடுங்கள்’ என்று கேட்காதீர்கள். ஒரு விற்பனையாளர் நல்லெண்ணத்தில் தானாகவே அப்படிக் குறைத்து எழுதி அனுப்ப, பணம் கட்டிய ரசீதையும் ஆர்டர் பக்கத்தையும் காட்டி நான் மல்லுக்கட்டிய அனுபவம் உண்டு. ரசீதைப் பி.டி.எஃப்.பாக எப்போதும் எடுத்து வையுங்கள்.

9. கூடையைக் கட்டும்போது

பேண்ட்கேம்பில் ஒரே கூடையில் இரண்டு நிறுவனங்களின் தட்டைப் போட்டால் இரண்டு பார்சல், இரண்டு தபால் செலவு. ஒரே நிறுவனத்தில் இரண்டு மூன்று சேர்த்து வாங்கினால் இரண்டாவதற்குத் தபால் செலவு குறையும்.

முன்பதிவுத் தட்டையும் கையிருப்புத் தட்டையும் சேர்க்காதீர்கள். முன்பதிவு வெளிவரும் நாள் வரை இரண்டையும் சேர்த்து நிறுத்தி வைப்பார்கள்.

அமெரிக்க விற்பனையாளர் ‘மீடியா மெயில்’ என்று மலிவான கட்டணம் காட்டினால் ஏமாறாதீர்கள், அது அந்த நாட்டுக்குள் மட்டும்.

பருவம்: தமிழ்நாட்டில் மே வெயிலில் வேனுக்குள் கிடந்த எல்.பி. தோசைக்கல் மாதிரி வளையும். ஐப்பசி மழையில் அட்டை ஊறும். ஜனவரி, பிப்ரவரியில் வந்து சேரும்படி ஆர்டர் போடுங்கள். சி.டி.க்கு இந்தக் கவலை குறைவு.

10. பழைய தட்டு வாங்கினால்

பழைய தட்டுகள் விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் தட்டுக்கும் உறைக்கும் தனித்தனித் தரம் போட்டிருப்பார்கள். ‘மின்ட்’, ‘நியர் மின்ட்’, ‘வெரி குட் பிளஸ்’ வரை வாங்கலாம். அதற்குக் கீழே ‘வெரி குட்’ என்றாலே கீறல் சத்தம் கேட்கும். வெறும் ‘குட்’ பக்கம் போகவே வேண்டாம்.

ஒரே ஆல்பத்துக்குப் பல பதிப்புகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அந்தத் தளத்தில் தனிப் பக்கம் உண்டு. முந்தைய விற்பனைகளின் நடு விலை அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். ‘அதிகாரபூர்வமற்றது’ என்று குறிப்பிருந்தால் விலகுங்கள். விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்த தட்டு, மையத்தை ஒட்டிய வழவழப்பான பகுதியில் பொறித்திருக்கும் எண். அந்த எண் நீங்கள் பார்க்கும் பதிப்பின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

தட்டை உறைக்கு வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் ஆடி ஆடி உறையின் மேல்விளிம்பு கிழிந்திருக்கும். பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள், மேலே ஒட்டிய முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி. அன்றே இரண்டு பக்கத்தையும் முழுக்க ஓட்டிக் கேட்டுவிடுங்கள். புகார் சொல்வதானால் விற்பவர் தன் பக்கத்தில் போட்டிருக்கும் கெடுவுக்குள் சொல்ல வேண்டும். ஆர்டர் போடும்போதே அந்தக் கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள்.